எக்கோ டெக்னீசியனுக்கு எந்த சர்டிஃபிகேட்? டல்லாஸ் கிளம்பும் வாசகிக்கு ஒரு பதில்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன், கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"அக்கா, நான் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி முடித்து நான்கு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கேஸ் வரும். போன தை மாதம் கல்யாணம் ஆனது. கணவர் டல்லாஸில் எச்1பி விசாவில் இருக்கிறார், நான் அடுத்த வருடம் எச்4 என்ற துணைவர் விசாவில் போகிறேன். அங்கே வேலை பார்க்க சர்டிஃபிகேட் வேண்டும் என்கிறார்கள். என் சீனியர் ஆர்.டி.சி.எஸ். எழுது என்கிறாள். துபாயில் இருக்கும் பெரியப்பா பையன் ஆர்.சி.எஸ். போதும், ஒரே பரீட்சை, சுலபம் என்கிறான். சென்னையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஆர்.டி.சி.எஸ்.ஸோடு ஆர்.வி.டி.யும் சேர்த்து ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறோம், பேக்கேஜ் என்றார்கள். எதை எடுப்பது? மாமியார் வேறு, ‘ரிப்போர்ட் கொடுக்கிறது டாக்டர்தானே, படம் எடுக்கிறவளுக்கு எதுக்கு இத்தனை பரீட்சை’ என்று கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. இதயத்துக்கான ஆர்.டி.சி.எஸ். எழுதுங்கள், அதில் அடல்ட் எக்கோ, அதாவது பெரியவர்களுக்கானது. ரத்தக்குழாய்க்கான ஆர்.வி.டி. இப்போது வேண்டாம். ஆர்.சி.எஸ்.ஸைக் கைவிட வேண்டாம், ஆனால் அது இரண்டாவது வழியாக இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பேப்பர்களைத் திறந்து பாருங்கள். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது பரீட்சையில் குறைவு, விண்ணப்பத்தில்தான் அதிகம். எது சுலபம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் செய்த வேலையை எந்த அமைப்பிடம், எந்தக் காகிதத்தை வைத்து நிரூபிக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

சரி, இந்த எழுத்துகள் யாருடையவை என்று பார்க்கலாம். ஆர்.டி.சி.எஸ்., ஆர்.வி.டி. இரண்டும் ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு தருபவை, 1975-இல் தொடங்கியது. ஆர்.சி.எஸ்., ஆர்.வி.எஸ். இரண்டும் சி.சி.ஐ. என்ற இன்னொரு அமைப்பினுடையவை. இரண்டு ஜோடியிலும் முதலில் இருப்பது இதயத்துக்கு, அடுத்தது ரத்தக்குழாய்க்கு. ஆக ஆர்.டி.சி.எஸ்.ஸும் ஆர்.சி.எஸ்.ஸும் ஒரே வேலைக்கான இரண்டு அத்தாட்சிகள், அதேபோல ஆர்.வி.டி.யும் ஆர்.வி.எஸ்.ஸும். எக்கோ லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் ஐ.ஏ.சி. அமைப்பு இரண்டு தரப்பையும் ஏற்கிறது, வேலை விளம்பரங்களிலும் ‘ஆர்.டி.சி.எஸ். அல்லது ஆர்.சி.எஸ்.’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதனால் உங்கள் பெரியப்பா மகன் சொன்னது தப்பில்லை. சீனியர் சொன்னதும் தப்பில்லை. சில இடங்களில் ஆர்.டி.சி.எஸ். இருந்தால் நல்லது என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஏ.ஆர்.ஆர்.டி. என்று மூன்றாவதாக ஒன்றும் ரத்தக்குழாய் அல்ட்ராசவுண்டுக்குச் சான்று தருகிறது, ஆனால் அது அங்கேயே படித்தவர்களுக்குத்தான் ஒத்துவரும், உங்களுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. சி.சி.டி. என்று சி.சி.ஐ. தருகிற ஒன்றையும் சிலர் காட்டுவார்கள். அது ஈ.சி.ஜி., ஹோல்டர், ட்ரெட்மில் வேலைக்கானது, எக்கோவுக்கு அதை வைத்துக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

பிறகு ஏன் ஆர்.டி.சி.எஸ்.? காரணம் எஸ்.பி.ஐ. என்ற பரீட்சைதான். ஏ.ஆர்.டி.எம்.எஸ். தன் பரீட்சையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அல்ட்ராசவுண்டின் இயற்பியலும் இயந்திரமும் தனி, அதுதான் எஸ்.பி.ஐ.: இரண்டு மணி நேரம், 110 கேள்வி. இதயம் தனி. இரண்டையும் ஐந்து வருடத்துக்குள் முடித்தால் ஆர்.டி.சி.எஸ். சி.சி.ஐ.யில் இயற்பியலையும் இதயத்தையும் ஒரே பரீட்சையில் கலந்து கேட்டுவிடுவார்கள். இன்றைக்குப் பார்த்தால் சி.சி.ஐ.யே லாபம்: ஒரே கட்டணம், ஒரே நாள், ஒரே பதற்றம். ஆனால் நாளைக்கு நீங்கள் ரத்தக்குழாய்க்குப் போனால் எஸ்.பி.ஐ.யைத் திரும்ப எழுத வேண்டியதில்லை, வாஸ்குலர் (ரத்தக்குழாய்) பாடத்தை மட்டும் எழுதினால் ஆர்.வி.டி. கைக்கு வந்துவிடும். குழந்தைகள் எக்கோவுக்குப் போனாலும் அதே கதைதான். நீங்களோ முழுக் காலமும் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறவர், இருபத்தேழு இருபத்தெட்டு வயதுதான் ஆகியிருக்கும், அதனால் அஸ்திவாரத்தை ஒரு தடவை போட்டுவிட்டு மேலே கட்டிக்கொண்டே போவது நல்லது. ஐம்பது வயதில் ஒருவர் கேட்டிருந்தால் ஆர்.சி.எஸ். எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மதிப்பெண்ணைப் பற்றிக் குழம்ப வேண்டாம். ஏ.ஆர்.டி.எம்.எஸ். 300-இலிருந்து 700 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது, 555 வந்தால் பாஸ். சி.சி.ஐ.க்கு 900-த்தில் 650. இவை சதவீதம் இல்லை, 555-ஐ 700-ஆல் வகுத்து எண்பது சதவீதம் எடுக்கணுமா என்று பயப்பட வேண்டாம். இரண்டு அமைப்புமே பியர்சன் வியூ மையங்களில்தான் பரீட்சை நடத்துகின்றன.

இப்போது பேப்பர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏ.ஆர்.டி.எம்.எஸ்.-இல் விண்ணப்பிக்கப் பல வழிகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவது பட்டமும் பன்னிரண்டு மாத முழுநேர அல்ட்ராசவுண்ட் வேலையும் சேர்ந்த வழி. முழுநேரம் என்றால் வாரத்துக்கு 35 மணி நேரம், வருடத்துக்கு 48 வாரம், கூட்டினால் 1680 மணி நேரம். நான்கு வருடம் வேலை பார்த்த உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் உங்கள் அனுபவச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ‘கார்டியாக் டெக்னீசியனாகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று’ என்று இரண்டு வரி இருக்கும். நம் ஊர் எச்.ஆர். எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். ஈ.சி.ஜி.யும் ட்ரெட்மில்லும் ஹோல்டரும் நடுநடுவே கேத் லேபில் நின்றதும் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது, அங்கே இருப்பவருக்கு இதில் எக்கோ எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் பெரியவர்களுக்கான டிரான்ஸ்தொராசிக் எக்கோ (மார்பின் மேல் வைத்து எடுப்பது) எத்தனை மணி நேரம், சுமாராக எத்தனை ஸ்டடி என்று தெளிவாக எழுதி லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். வேலையை விட்டபிறகு இதைக் கேட்டுப் போனால் பழைய எச்.ஆர். மாறியிருப்பார், புதியவர் ‘எங்க ஃபார்மட் இதுதான் மேடம்’ என்பார். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது கிளினிக்கல் வெரிஃபிகேஷன் படிவம். அடல்ட் எக்கோவுக்கு என்று தனிப் படிவம் உண்டு, அதில் நீங்கள் நோயாளிகளிடம் செய்து காட்டிய திறமைகள் ஒவ்வொன்றாக வரிசையாக இருக்கும், உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கார்டியாலஜிஸ்ட் போடுவார். ஆனால் ஓ.பி. நடுவில் போய் நீட்டாதீர்கள், படிக்காமலே போட்டுவிடுவார், நாளைக்கு ஏ.ஆர்.டி.எம்.எஸ். தணிக்கைக்கு எடுத்துக் கூப்பிட்டுக் கேட்டால் ‘எந்தப் பொண்ணு?’ என்பார். சனிக்கிழமை சாயங்காலம் போல நேரம் கேட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகக் காட்டி வாங்குங்கள். அவருடைய ஆஸ்பத்திரி இமெயில், பதிவு எண் எல்லாம் சரியாக இருக்கட்டும். ரொம்ப முன்னாடியே வாங்கி வைத்து ஆறப்போடவும் வேண்டாம், விண்ணப்பிக்கும் சமயத்தை ஒட்டி வாங்குவதே நல்லது.

மூன்றாவது, பட்டம். வெளிநாட்டுப் பட்டத்தை நாசெஸ் கூட்டமைப்பில் இருக்கும் ஏதாவது ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, இது அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதி வாங்க வேண்டும். நம் படிப்பு மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அங்கே பட்டம் என்றால் நான்கு வருடம். மூன்று வருடத்தை மட்டும் பார்த்தால் சில நிறுவனங்கள் ‘மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு’ என்று எழுதி நிறுத்திவிடும். ஆகவே டிரான்ஸ்கிரிப்டில் இன்டர்ன்ஷிப் வருடமும் இடம்பெறுகிறதா என்று பாருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்றால் கிண்டிக்கு விண்ணப்பம் போக வேண்டும், கல்லூரி வழியாக இன்டர்ன்ஷிப் சான்று தனியாக வர வேண்டும், இரண்டும் ஒன்றுசேர எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டம் சமமில்லை என்றே எழுதிவிட்டாலும் கதவு மூடிவிடாது, இரண்டு வருட மருத்துவத் துணைப்படிப்பும் பன்னிரண்டு மாத அனுபவமும் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதுவும் இழுத்தால்தான் சி.சி.ஐ. அங்கே ஒரு வழியில் படிப்பைவிட வேலையைத்தான் பெரிதாகப் பார்க்கிறார்கள்: இரண்டு வருட முழுநேர இதய அல்ட்ராசவுண்ட் வேலை, 600 ஸ்டடி. ஒரு நாளைக்கு இருபது எடுக்கிறவருக்கு 600 என்பது ஒன்றரை மாதக் கணக்குகூட இல்லை. ஆர்.சி.எஸ். கைவசம் இருக்கட்டும் என்று நான் சொன்னது இதனால்தான்.

அப்புறம் இனிஷியல். சிரிக்காதீர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு எழுத்து, டிகிரியில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்திருந்தால் கணவர் பெயர். பரீட்சை மையத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள், பழைய சான்றிதழில் வேறுமாதிரி இருப்பதற்கு ஒரு அஃபிடவிட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விசா எடுப்பதற்காகப் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மாமியார் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே பெரிய கேள்வி அதுதான்.

நம் ஊரில் எக்கோ எப்படி நடக்கிறது? நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் உள்ளே வருவார், ப்ரோபை (நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் கருவியை) வாங்கி இரண்டு வியூ பார்ப்பார், ‘இ.எஃப். 55 போடு, மைல்ட் எம்.ஆர்.’ என்று, அதாவது இதயத்தின் பம்ப் அளவையும் மைட்ரல் வால்வின் லேசான கசிவையும், சொல்லிவிட்டுப் போவார். ப்ரீ-ஆப் கேஸ் (ஆபரேஷனுக்கு முன் எடுப்பது) என்றால் பத்து நிமிடம். சந்தேகமான இடத்தை அவரே பார்த்துக்கொள்வார், அதனால் நீங்கள் எதையாவது விட்டிருந்தாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். அமெரிக்காவில் ஒரு முழு ஸ்டடிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் தருவார்கள். அறையில் நீங்களும் நோயாளியும் மட்டும்தான். எல்லா வியூவும் எல்லா அளவும் எடுத்து, வொர்க்ஷீட் நிரப்பி அனுப்பினால், கார்டியாலஜிஸ்ட் வேறு கட்டடத்திலோ வீட்டிலோ உட்கார்ந்து சாயங்காலம் படிப்பார். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியே இருப்பார். நீங்கள் எடுக்காத படத்தை அவர் பார்க்கப் போவதில்லை. அதற்குத்தான் இத்தனை பரீட்சை என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஒரு உதாரணம். எழுபது வயதுப் பெரியவர், அயோர்டிக் வால்வு சுருங்கியிருக்கிறது. ஏப்பெக்ஸிலிருந்து (இதயத்தின் நுனியிலிருந்து) ரத்தத்தின் வேகத்தை அளக்கும் சி.டபிள்யூ. டாப்ளர் போட்டால் வினாடிக்கு 3.4 மீட்டர் வருகிறது. நான்கு பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று போட்டால் வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் 46 மி.மீ. பாதரசம், மிதமான சுருக்கம் என்று எழுதிவிடலாம். அதே ஆளை வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, அந்தப் பேனா மாதிரியான பெடாஃப் ப்ரோபை எடுத்து வலது மார்பெலும்பு ஓரத்தில் வைத்துத் தேடினால் 4.2 வரும். அழுத்த வித்தியாசம் எழுபதைத் தாண்டிவிட்டது. நான்கு மீட்டர் தாண்டினால் கடுமையான சுருக்கம், வால்வு மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம். படம் எடுத்தவர் அந்த ஐந்து நிமிடம் மெனக்கெட்டாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று, எல்.வி.ஓ.டி. (இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி) விட்டத்தை அளக்கிறீர்கள் இல்லையா, 2.0 சென்டிமீட்டரை 1.8 என்று அளந்துவிட்டால் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்கில் அது வர்க்கமாகிறது, பரப்பு 3.14-இலிருந்து 2.54-ஆக இறங்குகிறது, 1.1 இருந்த வால்வுப் பரப்பு 0.9-க்கு வந்து நிற்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமை. மிதமாக இருந்தவரைக் கடுமைப் பட்டியலில் தள்ளியாயிற்று.

நாளைக்கு இருபத்தைந்து கேஸ் பார்த்த கை என்பது பெரிய விஷயம், அங்கே படித்து வருகிறவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்க்க வருடக்கணக்காகும். ஆனால் அவசரத்தில் பழகிய கை சில இடங்களைத் தாவிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினம் கடைசி கேஸை மட்டும் முழுதாக எடுத்துப் பழகுங்கள்: நுரையீரல் சிரை டாப்ளர், டிஷ்யூ டாப்ளர், வலது வெண்ட்ரிக்கிள் அளவுகள், சப்காஸ்டலில் ஐ.வி.சி., சூப்ராஸ்டெர்னல் எதையும் விடாமல். அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் எக்கோகார்டியோகிராஃபி 2019-இல் முழு எக்கோ என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பரீட்சைக்கும் அதுதான், இன்டர்வியூவுக்கும் அதுதான்.

எஸ்.பி.ஐ.யைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரளுகிறார்கள். மிரள வேண்டியதில்லை, மனப்பாடம் பண்ணினால்தான் கஷ்டம். திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் போகிறது, அதனால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ வினாடி, பத்து சென்டிமீட்டருக்கு 130. இயந்திரம் அதுவரை காத்திருந்துதான் அடுத்த துடிப்பை அனுப்பும், ஆக ஆழம் கூடக்கூட வினாடிக்கு அனுப்பும் துடிப்பு குறையும், அதில் பாதிதான் நைக்விஸ்ட் எல்லை, அதாவது சரியாக அளக்க முடிகிற உச்சம், அதைத் தாண்டினால் அலையாசிங், வேகம் தப்பாகக் காட்டும். இதை எழுத்தில் படித்தால் தலை சுற்றும். இயந்திரத்தில் டெப்த்தை 20-இலிருந்து 12-க்குக் குறைத்து, பி.டபிள்யூ. (துடிப்பு டாப்ளர்) ஸ்கேலில் எவ்வளவு வரை ஏற்ற முடிகிறது என்று பாருங்கள், ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். இந்தப் பரீட்சையில் இயந்திரத்தின் பட்டன்களைத் திரையில் காட்டி, படத்தை நீங்களே சரிசெய்யுங்கள் என்று சொல்லும் கேள்விகளும் உண்டு. டி.ஜி.சி.யை (ஆழத்துக்கேற்பப் படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யும் பட்டன்களை) ஒரு தடவை கம்பெனிக்காரர் வந்து வைத்துவிட்டுப் போனார், அதைத் தொட்டதே இல்லை என்று இருப்பவர்கள் அங்கேதான் முழிப்பார்கள்.

இப்போது அந்தப் பேக்கேஜ். ஆர்.வி.டி. நல்ல சான்றிதழ், அதில் சந்தேகமே இல்லை. அங்கே சின்னச் சின்ன கார்டியாலஜி கிளினிக்குகளில் காலையில் எக்கோ, மதியம் கழுத்துத் தமனி டாப்ளர், கால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது, ஏ.பி.ஐ. (கணுக்கால், கை ரத்த அழுத்தத்தை ஒப்பிடுவது) எல்லாம் ஒரே ஆளிடம் தருவார்கள். இரண்டும் தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அதற்கும் தனியாக வாஸ்குலர் வேலை அனுபவமும், வாஸ்குலருக்கு என்று தனி வெரிஃபிகேஷன் படிவமும் வேண்டும். நம் ஊரில் கை கால் டாப்ளரும் கழுத்து டாப்ளரும் பெரும்பாலும் ரேடியாலஜிஸ்ட் கையில், ஸ்கேன் அறையில் நடக்கிறது, எக்கோ டெக்னீசியன் கைக்கு வருவதே இல்லை. உங்கள் கடிதத்திலும் வாஸ்குலர் செய்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு அந்த சென்டர் ஆறு மாதத்தில் எப்படி முடித்துத் தரும்? யாரிடமாவது கையெழுத்து வாங்கித் தரும், வேறெப்படி. அதைச் செய்யாதீர்கள் தங்கச்சி. தணிக்கையில் பிடிபட்டால் ஆர்.வி.டி. மட்டும் போகாது, நியாயமாக வாங்கிய ஆர்.டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து போகும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், எந்தக் கோச்சிங் சென்டரும் இந்தச் சான்றிதழைத் தர முடியாது, பரீட்சைக்குத் தயார் செய்ய மட்டும்தான் முடியும். கட்டணத்தில் பாதியை ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று கேட்டால் எந்த ரெஜிஸ்ட்ரேஷன் என்று கேளுங்கள்.

கையெழுத்து கிடைத்துவிட்டால்கூட, கை பழகாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. எக்கோவில் நீங்கள் ரத்த ஓட்டத்துக்கு நேராக ப்ரோபை வைக்கப் பழகியவர், கோணத்தை இயந்திரத்திடம் சொல்வதே இல்லை. நேராக வைத்திருக்கும்போது ஐந்து டிகிரி பிசகினாலும் வேகத்தில் அரை சதவீதம்கூட மாறாது. கழுத்துத் தமனி தோலுக்கு இணையாக ஓடுகிறது, நேராக வைக்க வழியே இல்லை, அறுபது டிகிரியோ அதற்குக் கீழோ கோணம் வைத்து கர்சரைக் குழாய்ச் சுவருக்கு இணையாகத் திருப்ப வேண்டும். அந்த அறுபதில் ஐந்து டிகிரி பிசகினால் வேகம் பதினெட்டு சதவீதம் மாறிவிடும். உள் கரோட்டிடில் (மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில்) வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டர் தாண்டினால் ஐம்பது சதவீதத்துக்கு மேல் அடைப்பு என்பது 2003-இலிருந்து பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. உண்மையில் 120 இருப்பதை நீங்கள் 65 டிகிரி என்று வைத்து 142 என்று எழுதினால், ஒன்றுமில்லாதவருக்கு அடைப்பு என்று பேராகிவிடும். இதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டிய வேலை. அங்கே போய் எக்கோ வேலையில் சேர்ந்தபிறகு வாஸ்குலர் லேபில் பழகிக்கொள்ளுங்கள், மணி நேரம் சேர்ந்ததும் வாஸ்குலர் பரீட்சை ஒன்றை மட்டும் எழுதுங்கள். எஸ்.பி.ஐ. ஏற்கனவே இருக்கிறது.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. எச்4-இல் போவதால் மட்டும் வேலை பார்க்க அனுமதி வந்துவிடாது. கணவருக்குக் கிரீன் கார்டு வரிசையில் ஐ-140 (கம்பெனி அவருக்காகப் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால், அல்லது அந்த வரிசையை வைத்து ஆறு வருடத்துக்கு மேல் எச்1பி நீட்டிப்பு வாங்கியிருந்தால் உங்களுக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்கும், இது 2015-இலிருந்து இருக்கும் விதி. அவரிடம் இன்றைக்கே கேளுங்கள். ஐ-140 ஆகவில்லை என்றால் ஆர்.டி.சி.எஸ். வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். சான்றிதழைப் பார்த்து ஆஸ்பத்திரியே விசா எடுத்துத் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நர்ஸுகளுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் கிரீன் கார்டில் ஒரு தனி வசதி உண்டு, சோனோகிராஃபருக்கு (அல்ட்ராசவுண்ட் எடுப்பவருக்கு) அது கிடையாது. அங்கே இந்த வேலைக்கு இரண்டு வருடப் படிப்பே போதும் என்பதால் எச்1பி-யும் சுலபமில்லை. காத்திருக்கும் காலத்திலும் சான்றிதழை உயிரோடு வைத்திருக்க மூன்று வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும், வருடக் கட்டணமும் உண்டு. தொடர்கல்வி ஆன்லைனிலேயே முடித்துக்கொள்ளலாம்.

டெக்சாஸில் சோனோகிராஃபருக்கு மாநில லைசன்ஸ் கிடையாது. ஓரிகன், நியூ மெக்சிகோ, நியூ ஹாம்ப்ஷயர், வடக்கு டகோட்டா என்று சில மாநிலங்களில்தான் அது உண்டு. டெக்சாஸில் சான்றிதழும், அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டையும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அங்கே போய் இரண்டு வருடம் மறுபடியும் படிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். உங்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம், மதிப்பீட்டு அறிக்கை ரொம்ப மோசமாக வந்தால் ஒழிய.

துபாய் அண்ணனிடம் சண்டை போட வேண்டாம், அவர் அவர் ஊர்க் கணக்கைச் சொல்கிறார். வளைகுடாவில் லைசன்ஸ்தான் முதல் கேள்வி. அங்கே பட்டத்தையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், அதன் மேல் ஆர்.சி.எஸ்.ஸோ ஆர்.டி.சி.எஸ்.ஸோ இருந்தால் வேலைக்கு எடுப்பவர் மகிழ்வார். கணவருக்கு லண்டன் மாற்றல் என்றால் இரண்டுமே பெரிதாக உதவாது, அங்கே பி.எஸ்.இ. (பிரிட்டிஷ் சொசைட்டி ஆஃப் எக்கோகார்டியோகிராஃபி) அங்கீகாரம்தான் பேச்சு, எழுத்துத் தேர்வோடு 250 கேஸ் லாக்புக்கும் செய்முறைத் தேர்வும் உண்டு. லாக்புக் எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கினால் எந்த ஊருக்கும் கேடில்லை. நோயாளி பெயர் எழுதாமல் தேதி, வயது, என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வந்ததும் இன்னொரு கடிதம் போடுங்கள். இன்டர்ன்ஷிப் வருடத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எந்த வழியில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறேன்.